நடுவுல ஆரு, பொறகால ஆரு?

வா கண்ணு. சித்தெ உக்காரு. கையில என்ன அது, அத்தாசோடு தாளு? பி.எட். அசைன்மெண்டா? தலைப்பைப் படி கேக்கலாம். 'ஆசிரியர் மையக் கற்பித்தலும் மாணவர் மையக் கற்றலும்: கலப்புமுறைக் கல்வியை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு.' அடேயப்பா! தலைப்பைக் கேக்கறதுக்குள்ளயே எனக்கு மூச்சு வாங்குது. உள்ள என்னென்ன வெச்சிருக்கறயோ.

அதாவது வகுப்புல நடுவுல ஆரு இருக்கோணும்? வாத்தியாரா, புள்ளையா? இதானே பஞ்சாயத்து? செரி. இந்தப் பஞ்சாயத்துக்கு ஒரு பயிற்சிக் கூட்டம் போடறாங்களே, பார்த்திருக்கறயா? மாணவர் மையந்தான் ஒசத்தின்னு ஒருத்தரு மேடையில நின்னு மூணு மணி நேரம் பேசுவாரு. கீழ உக்காந்திருக்கற அம்பது வாத்தியாருங்களும் வாயைத் தொறக்காம கேக்கோணும். நடுவுல ஒரு டீ, ரெண்டு பிஸ்கட்டு. கடைசியில 'ஏதாவது சந்தேகம் உண்டா?' ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சே!

நானு எட்டாப்போட நின்னவன். மல்லசமுத்திரம் சொசைட்டியில பருத்தி மூட்டையைப் போட்டுட்டு, ஏலம் முடியற வரைக்கும் வேப்பமரத்தடியில உக்காந்து நாயம் பேசியே பாதி ஆயுசைப் போக்கினவன். அங்க வந்து உக்கார்ற வாத்தியாருங்க கொறைச்சலா? ரிட்டையரானவங்க, ஆகப் போறவங்க, எதுக்குடா வாத்தியாரானோம்னு இருக்கறவங்க. அத்தனை பேரு சொன்னதும் என்ற காதுல கெடக்குது. அதனால நாஞ் சொல்றத ஒருக்கா கேட்டுட்டு, பொறவு உன்ற பொஸ்தகத்தைப் பாரு.

மாணவர் மையம்னா சீமையில இருந்து வந்த சரக்குன்னு நெனச்சிட்டு இருக்கறயா? என்ற அப்பாரு திண்ணையில படிச்சவரு. ஒரே வாத்தியாரு. இருவது முப்பது பசங்க. ஒருத்தன் 'அ' எழுதுவான், இன்னொருத்தன் கணக்குல இருப்பான், மூணாமவன் நிகண்டு ஒப்பிப்பான். எல்லாத்துக்கும் ஒரே பாடத்தை ஒரே நேரத்துல நடத்தறதுன்னு அங்க ஒண்ணுமே கெடையாது. மணலைப் பரப்பி வெரல்ல எழுதுவாங்க. பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக் குடுப்பான். அவனுக்குப் பேரு சட்டாம்பிள்ளை. அவனவன் வேகத்துக்கு அவனவன் போவான். இதத்தானே கண்ணு நீ ரெண்டாம் பக்கத்துல 'தன்வேகக் கற்றல்'னு எழுதி அடிக்கோடு போட்டிருக்கற?

இன்னொண்ணு கேளு, சிரிப்பு வரும். 1789ல ஆண்ட்ரூ பெல்னு ஒரு வெள்ளைக்காரப் பாதிரி மெட்ராசுல ஒரு பள்ளிக்கோடத்தைப் பார்த்துக்கற பொறுப்புக்கு வந்தாரு. பட்டாளத்துக்காரங்க உட்டுட்டுப் போன அனாதைப் பசங்களுக்கான பள்ளிக்கோடம். ஒருநா நம்மூருப் பசங்க மணல்ல எழுதிப் படிக்கறதப் பார்த்தாரு. அட, தாளும் வேண்டாம் மையும் வேண்டாமேன்னு தன்ற பள்ளிக்கோடத்துலயும் அதையே செய்யச் சொன்னாரு. அங்கிருந்த வாத்தியாருங்க மொகத்தைச் சுளிச்சாங்க. மணலைத் தொடறதாவது! செரி போங்கன்னுட்டு, எட்டு வயசுப் பையன் ஒருத்தனை உக்கார வெச்சே பொடிசுகளுக்குச் சொல்லிக் குடுக்க உட்டாரு. அது சுளுவா நடந்துபோச்சு. 1797ல லண்டன்ல பொஸ்தகமாவே அச்சடிச்சுப் போட்டாரு. அதுக்கு அங்க வெச்ச பேரு 'மெட்ராஸ் முறை'. அந்த ஆளு பொறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊருல இன்னிக்கும் 'மெட்ராஸ் காலேஜ்'னு ஒரு பள்ளிக்கோடம் இருக்குது. எங்க? ஸ்காட்லாந்துல! நம்ம மணலு கப்பலேறிப் போயி, எரநூறு வருசம் கழிச்சு 'சக மாணவர் துணை'ன்னு பேரு மாறி, பயிற்சிக் கையேட்டுல திரும்பி வந்து எறங்குது. நாம அதுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறோம்.

உடனே 'ஆகா, அந்தக் காலம்!'னு கண்ணைச் சொக்கிப்போடாத. திண்ணை ஒண்ணும் சொர்க்கமில்ல. கோதண்டம்னு ஒரு தண்டனை. பையனை மேலே கயித்தைப் புடிச்சுத் தொங்க உட்டு, கீழ பெரம்போட ஆளு நிப்பான். 'அடியாத மாடு படியாது'ன்னு பழமொழி வேற. மாட்டுக்குச் சொன்னத மனுசப் புள்ளைக்குத் திருப்பி உட்டவன் எவனோ! அது போகட்டும். அந்தத் திண்ணையில ஏறினது ஆரு? ஊருல பாதிச் சனத்தோட புள்ளைங்க அந்த வாசப்படியக்கூட மிதிக்க முடியாது. பொட்டப் புள்ளைங்க பேச்சே இல்ல. மாணவர் மையந்தான், ஆனா எந்த மாணவர்ங்கறத சாதி முடிவு பண்ணுச்சு. இத உன்ற ஒப்பாய்வுல ஒரு வரியாவது எழுது.

அப்பறம் பள்ளிக்கோடம் வந்துச்சு. பெஞ்சு வந்துச்சு, கரும்பலகை வந்துச்சு. வாத்தியாரு முன்னால நின்னாரு, நாங்க கை கட்டி உக்காந்தோம். கத்தி ஒப்பிச்சோம். பதினாறாம் வாய்ப்பாடு இன்னிக்கு ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஏன் பதினாறுன்னு கேட்டாத்தான் தெரியாது.

இந்த ஊருப் பக்கம் மாணவர் மையம் மறுக்கா வந்து எறங்குனது 2007-08ல. செயல்வழிக் கற்றல். ஏ.பி.எல்.னு வாத்தியாருங்க சொல்லுவாங்க. ஆந்திராவுல ரிஷிவேலின்னு ஒரு எடம், அங்க கிராமத்துப் புள்ளைங்களுக்கு உண்டாக்குன முறை. அதப் பார்த்துட்டு வந்து, எம்.பி.விஜயகுமார்னு ஐ.ஏ.எஸ். அதிகாரி, 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிக்கோடங்கள்ல ஆரம்பிச்சு வெச்சாரு. நாலஞ்சு வருசத்துல தமிழ்நாடு மூச்சூடும் பரவிருச்சு.

நானு போயி எட்டிப் பார்த்தேன் கண்ணு. நெம்ப நல்லாத்தான் இருந்துச்சு. பெஞ்சைத் தூக்கிக் கடாசிட்டுப் பாயைப் போட்டிருந்தாங்க. வாத்தியாரம்மாவும் கீழயே உக்காந்திருந்தாங்க, எந்திரிக்கறப்ப மட்டும் மொழங்காலைப் புடிச்சிட்டு. செவுத்தோரமா, புள்ளைங்க கைக்கு எட்டற ஒசரத்துல கரும்பலகை. அதுல ஆளுக்கொரு பங்கு. தலைக்கு மேல கம்பி கட்டி, அவங்க வரைஞ்சதையெல்லாம் தொங்க உட்டிருந்தாங்க. செவுத்துல ஏணிப் படம். ஏணியில ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னம். புள்ளை வந்ததும் தன்ற படி எதுன்னு பார்க்கும், அந்தச் சின்னம் போட்ட அட்டையைத் தட்டுல தேடி எடுக்கும், கம்முனு போயி உக்காந்து செய்யும். ஒரு கூட்டத்துக்கு வாத்தியாரு துணை, ஒரு கூட்டத்துக்குக் கூடப் படிக்கறவன் துணை, ஒரு கூட்டம் தானாவே.

இதுல எனக்குப் புடிச்ச சங்கதி என்னன்னா, நம்ம பக்கம் பருத்தி எடுக்கற நாள்ல புள்ளையைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. காளிப்பட்டித் தேருன்னா ஒறம்பரைக்குப் போயி ஒரு வாரம் ஆளே வராது. பழைய பள்ளிக்கோடத்துல திரும்பி வந்தா பாடம் போயிருக்கும். வாத்தியாரு பத்தாம் பாடத்துல நிப்பாரு, புள்ளை ஏழுல முழிக்கும், அப்படியே முழிச்சிட்டே அஞ்சாப்பு தாண்டிரும். ஏணியில அந்த வம்பு இல்ல. எந்தப் படியில உட்டுட்டுப் போச்சோ அங்கிருந்தே ஏறலாம். இத ரோசிச்சவன் கிராமத்தைக் கண்ணால பார்த்தவன்.

அப்பறம் ஏன் கெட்டுச்சுங்கறயா? அட்டை தொலைஞ்சுச்சு. சின்னம் அழிஞ்சுச்சு. ஒரே அட்டையை வெச்சுக்கிட்டு ஒரு பையன் நாலு நாளா உக்காந்திருப்பான். அவனுக்குப் புரியலைன்னு அவனுக்கே தெரியாது, வாத்தியாருக்கும் தெரியாது. அவன் 'தானாவே கற்கும் குழு'வுல இல்ல இருக்கறான்? பெத்தவங்க வந்து, 'ஏனுங் டீச்சர், ஊட்டுப்பாடமே குடுக்கறதில்லையா?'ன்னு கேட்டுட்டு, அடுத்த வருசம் மஞ்சக் கலரு வேன்ல ஏத்தி உட்டுட்டாங்க. அப்பறம் முறையை எளிமையாக்கறோம்னாங்க. 2012-13ல முப்பருவம்னாங்க. 2022ல எண்ணும் எழுத்தும். அதுல அரும்பு, மொட்டு, மலர்னு மூணு தட்டு. பேரு அழகாத்தான் இருக்குது. ஒவ்வொரு தடவையும் வாத்தியாருக்குப் பயிற்சி உண்டு, டீ உண்டு.

எனக்குத் தெரிஞ்ச ஒண்ணச் சொல்றேன். எங்க காலத்துல நீச்சல் எப்படிப் பழகுனோம்? கெணத்துல. அறுவதடி ஆழக் கெணறு, படி பாதியில நின்னுரும். தாய்மாமன் இடுப்புல கயித்தைக் கட்டுவாரு, முதுகுல காஞ்ச சொரக்குடுக்கை. தண்ணியில தள்ளிப்போட்டு, மாமன் படியில குந்தவெச்சு உக்காந்துக்குவாரு. கை காலை அடிக்கறது நாந்தான். தண்ணி குடிக்கறதும் நாந்தான். அந்தாளு பீடி குடிச்சிட்டு, பக்கத்துக் காட்டுக்காரரோட நாயம் பேசிட்டு, என்னையப் பார்க்காத மாதிரியே இருப்பாரு. ஆனா கயிறு அவரு கையில. நாம மூழ்கறமா, மூழ்கற மாதிரி நடிக்கறமாங்கறது அந்தக் கயித்துலயே அவருக்குத் தெரிஞ்சிரும். ஒருநா கயித்தைத் தளர உடுவாரு. இன்னொரு நா கயிறு கட்டியே இருக்கும், மறுமுனை அவரு கையில இருக்காது. அது நமக்குத் தெரியாது. இப்பச் சொல்லு, அந்தக் கெணத்துக்கு நடுவுல இருந்தது ஆரு? நானு. எனக்கு நீச்சல் வந்தது ஆரால? எப்ப இழுக்கோணும், எப்பத் தளர உடோணும்னு மாமனுக்குத் தெரிஞ்சிருந்ததால. மையம் மையம்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கறயே, படியில உக்காந்திருக்கற ஆளுக்கு உன்ற பொஸ்தகத்துல என்ன பேரு?

செரி, அடுத்த பக்கத்தைத் திருப்பு. 'ஆசிரியர் மையத்துக்கு எடுத்துக்காட்டு.' அதுக்கு நீ எங்கயும் போக வேண்டாம். நாமக்கல்லு, ராசிபுரம், திருச்செங்கோடுன்னு பஸ்ல ஒரு சுத்து சுத்திட்டு வா. ஆஸ்டல் பள்ளிக்கோடங்க. வெடியால கோழி கூவறதுக்கு முந்தி எழுப்பி உட்டு, ராத்திரி கண்ணு சொருகற வரைக்கும் படிப்பு. தெனமும் பரீட்சை. தப்பாப் போனா அதையே மறுபடியும் எழுதோணும். பதினொண்ணாப்புப் பாடத்தை ஓரங்கட்டிட்டு, ரெண்டு வருசமும் பன்னெண்டாப்பையே உருட்டறதுங்கறது ஊரறிஞ்ச ரகசியம். அத நிறுத்தோணும்னு 2017-18ல பதினொண்ணாப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டாந்தாங்க. 2025ல அதையும் எடுத்துட்டாங்க. 2017ல மாநில ரேங்க் அறிவிக்கறதையே நிறுத்தினாங்க. ரேங்க் போச்சு, அதே வருசம் நீட் வந்துச்சு. பேனருல போட்டோ நின்னு போச்சுங்கறயா? போயிப் பாரு.

பட்டணத்துல இருந்து வர்ற பத்திரிகைக்காரங்க அதுக்குப் 'பிராய்லர் பள்ளி'ன்னு பேரு வெச்சாங்க. கோழியைப் பத்தித் தெரியாதவன் வெச்ச பேரு. நாமக்கல்லுல இருக்கறது முட்டைக்கோழி. பிராய்லரு வேணும்னா பல்லடத்துக்குப் போ. வையறதுன்னாக்கூட ஊரைத் தெரிஞ்சு வையோணும்.

அந்த ஆஸ்டலைக் கேவலமாவும் பேச மாட்டேன். காட்டை வித்துப் புள்ளையைப் படிக்க வெச்சவன் என்ற பக்கத்து ஊட்டுக்காரன். அந்தப் புள்ளை இன்னிக்கு டாக்டரு. ஆனா அங்க நடுவுல இருக்கறது வாத்தியாருன்னு நீ எழுதியிருக்கற பாரு, அதுதான் தப்பு. அந்த வாத்தியாருக்கு ஒரு வார்த்தை எச்சாப் பேச நேரமுண்டா? ஒரு கதை சொல்ல முடியுமா? இந்த வாரம் இத்தனை பக்கம், இந்த டெஸ்டுல இத்தனை மார்க்கு, கொறைஞ்சா அவரும் போய் ஆபீஸ் ரூம்ல நிக்கோணும். நடுவுல குந்தியிருக்கறது மார்க்கு கண்ணு. வாத்தியாரும் புள்ளையும் ஆளுக்கொரு பக்கம் நின்னு அதுக்கு வெசிறி வீசறாங்க.

இனி உன்ற கலப்புமுறை. பாதி வகுப்புல, பாதி போன்ல. இந்த ஊருக்கு அது வந்தது விரும்பியா? 2020 மார்ச்சுல கொரோனான்னு பள்ளிக்கோடத்தைப் பூட்டினாங்க. ஒண்ணாப்புப் புள்ளை பள்ளிக்கோடத்தை மறுபடி பார்த்தது 2021 நவம்பர்ல. அதுக்கு முந்தியே, 2019 ஆகஸ்டுல, கல்வித் தொலைக்காட்சி ஆரம்பிச்சிருந்தாங்க. பொஸ்தகத்துல 2018ல இருந்தே கியூஆர் கோடு. எல்லாந் தயாரு. ஆனா ஊட்டுல போன் ஒண்ணு. அப்பன் தறிக்குப் போறப்ப அதையும் சட்டைப்பையில போட்டுட்டுப் போயிருவான். ரிக் வண்டிக்குப் போனவன் ஊட்டுல கதை இன்னும் மோசம். அவனும் போனும் ஆறு மாசம் வடநாட்டுல போர் போட்டுட்டு இருப்பாங்க. என்ற பேத்தி ஒருத்தி சிக்னலு கெடைக்கலைன்னு தண்ணித் தொட்டி மேல ஏறி உக்காந்து பாடங் கேட்டா. வகுப்புல முப்பது பேரு. போன்ல பதினொரு பேரு. அதுல கேமராவைத் தொறந்து வெச்சவன் ஒருத்தன், அவனும் தெரியாம அமுக்கினவன். 'புரிஞ்சுதா?'ன்னு வாத்தியாரு கேப்பாரு. ஒரு சத்தமும் வராது. 'புரிஞ்சுது போல'ன்னு அவரே சொல்லிக்கிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருவாரு.

2021 மே மாசம், ஊரே ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறப்ப, யூ.ஜி.சி.க்காரங்க ஒரு கருத்துருவை வெளியுட்டாங்க. காலேஜுப் பாடத்துல 40 சதவீதம் வரைக்கும் ஆன்லைன்ல நடத்தலாமாம், மீதி 60 நேருல. அதையே நீயும் 'சமநிலை'ன்னு எழுதியிருக்கற. இந்தக் கணக்கை எந்தப் படியில அளந்தாங்கன்னு மட்டும் எனக்கு யாராவது சொல்லுங்கடா! தெளிவா இருக்கற புள்ளைக்கு நாப்பது போதும், பயந்த புள்ளைக்கு நாலுகூடத் தாங்காது.

போன்ல படிக்கவே முடியாதுன்னு சொல்ல வர்றேன்னு நெனச்சுக்காத. முடியும். அதுக்கும் நம்ம தமிழ்ப் புள்ளைங்களே சாட்சி. சுகதா மித்ரான்னு ஒரு வங்காளத்து வாத்தியாரு. 1999ல டெல்லி கல்காஜியில செவுத்துல ஓட்டையைப் போட்டு, ஒரு கம்ப்யூட்டரைப் பதிச்சு வெச்சு, தெருப் பசங்க என்ன பண்றாங்கன்னு பார்த்தாரு. சொல்லித்தர ஆளே இல்லாம அவங்களே நோண்டி நோண்டிக் கத்துக்கிட்டாங்க. அப்பறம் நம்ம கடலோரத்துல சுனாமி அடிச்ச காளிக்குப்பத்துக்கு வந்தாரு. தமிழ் மட்டுமே தெரிஞ்ச புள்ளைங்க. உசுருக்குள்ள இருக்கற மூலக்கூறு, டி.என்.ஏ., அது இதுன்னு காலேஜுப் பாடத்தை இங்கிலீசுல போட்டு உட்டுட்டுப் போயிட்டாரு. ரெண்டு மாசங் கழிச்சு வந்து கேக்கறாரு. பன்னெண்டு வயசுப் புள்ளை ஒண்ணு எந்திரிச்சு, டி.என்.ஏ. தப்பாப் படியெடுத்தா சீக்கு வரும்ங்கறதத் தவிர வேறெதுவும் எங்களுக்குப் புரியலைன்னுச்சாம். எப்படி இருக்குது நம்ம புள்ளை! பரீட்சை வெச்சா நூத்துக்கு முப்பது. மொதல்ல சைபர்ல இருந்தவங்க.

இதோட நிறுத்தியிருந்தா, பார்த்தயா, வாத்தியாரே வேண்டாம், போன் போதும்னு கடைக்காரன் பேனர் கட்டியிருப்பான். அந்தாளு நிறுத்தல. முப்பது பாஸுக்குப் பத்தாதே! அந்தப் புள்ளைங்களுக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தி, இருவத்திரெண்டு வயசு, கணக்கெழுதற வேலை. 'நீ சொல்லிக்குடு தாயி'ன்னாரு. எனக்கு அந்தப் பாடமே தெரியாதேன்னுச்சு அது. 'தெரிய வேண்டாம். பாட்டி என்ன பண்ணும்? பொறகால நின்னுக்கிட்டு, அட, இதெப்படிப் பண்ணுனே, இன்னொருக்கா பண்ணு பார்க்கலாம்னு சொல்லும்ல? அத மட்டும் செய்'னாரு. அது நின்னுச்சு. மார்க்கு அம்பதுக்கு ஏறிப்போச்சு. டெல்லியில காசுக்காரப் பள்ளிக்கோடத்துல, படிச்ச வாத்தியாரு நடத்துன புள்ளைங்களுக்கு ஈடா.

2013ல அந்த மித்ராவுக்கு பத்து லட்சம் டாலரு பரிசு குடுத்தாங்க. நல்ல மனுசன், வாங்கட்டும். ஓட்டையில பதிச்ச கம்ப்யூட்டரு ஒலகப் பிரசித்தி. பொறகால நின்ன அந்தப் புள்ளை பேரு என்னன்னு உன்ற வகுப்புல ஒருத்தனைக் கேளு, சொல்றானா பார்க்கலாம்.

கொரோனா கொஞ்சம் தணிஞ்சதும் நம்ம சர்க்காரும் கிட்டத்தட்ட அதையேதான் பண்ணுச்சு. 2021 அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வி. தெருவுல இருக்கற படிச்ச பொண்ணுங்க, கட்டிக் குடுத்து வந்த மருமகப் புள்ளைங்க, பொழுதோட திண்ணையிலயும் கோயில் வாசல்லயும் பத்திருவது புள்ளைங்களைக் கூட்டி வெச்சு ஒண்ணரை மணி நேரம் பழக்கி உட்டாங்க. எங்க தெருவுல ஒரு புள்ளை, தறியை நிறுத்திட்டு வந்து உக்காரும், கையில நூலு ஒட்டியிருக்கும். எந்தப் பையன் வாயை மட்டும் அசைக்கறான், எவன் நெசமா வாசிக்கறான்னு அதுக்கு நாலே நாள்ல தெரிஞ்சுபோச்சு. எப்படித் தெரியும்? அந்தப் பையனோட அம்மாவத் தெரியும், அப்பன் குடிக்கறது தெரியும், நேத்து ராத்திரி அவங்க ஊட்டுல சண்டைங்கறதும் தெரியும். கூலி? மாசம் ஆயரம் ரூவா. இன்னிக்கு ஒரு ஆளு பருத்தி எடுக்க வந்தா என்ன கேப்பாங்கன்னு விசாரிச்சுட்டு வந்து, இந்த ஆயரத்தைப் பத்திப் பேசு.

கடைசியா ஒண்ணு. இன்னிக்குப் பள்ளிக்கோடத்துல நடுவுல ஆரு இருக்கறாங்கன்னு கேட்டயே, வாத்தியாரா புள்ளையான்னு? நானு பார்த்துட்டு வந்துதான் சொல்றேன். போனு. வந்ததும் வாத்தியாரு தன்ற வருகையைப் போடோணும். அப்பறம் புள்ளைங்க வருகை. அப்பறம் அரும்பு எத்தனை, மொட்டு எத்தனை. எல்லாத்தையும் எமிஸ்ங்கற சர்க்காரு ஆப்புல ஏத்தோணும். சுத்திக்கிட்டே இருக்கும் அந்த வட்டம், ஏறாது. ஏறலைன்னா குரூப்புல 'நிலுவைப் பள்ளிகள் பட்டியல்'னு செவப்பு எழுத்துல வரும். வாத்தியாருங்க சங்கம் போட்டு, எங்களைப் பாடம் நடத்த உடுங்கன்னு போராட்டமே பண்ணிப் பார்த்துட்டாங்க. வாத்தியாரு பாடம் நடத்தோணும்னு போராடற ஊரு வேற எங்காச்சும் உண்டா? புள்ளைங்க கம்முனு உக்காந்து, வாத்தியாரு போனைத் தேய்க்கறதையே பார்த்துட்டு இருக்கும். மாணவர் மையமுமில்ல, ஆசிரியர் மையமுமில்ல. அதுக்கு ஒரு நல்ல தமிழ்ப் பேரு கண்டுபுடி, டாக்டர் பட்டமே குடுப்பாங்க.

இன்னொரு கணக்கும் கேட்டுக்க. 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டத்துல, அஞ்சாப்பு வரைக்கும் அறுபது புள்ளைங்கன்னா ரெண்டு வாத்தியாரு போதும்னு இருக்குது. அஞ்சு வகுப்பு, ரெண்டு வாத்தியாரு. அதுல ஒருத்தரு பயிற்சிக்குப் போயிட்டாருன்னா? மீதி வகுப்புக்கு நடுவுலயும் ஆளில்ல, ஓரத்துலயும் ஆளில்ல. உன்ற ஒப்பாய்வுல இந்தக் கூட்டல் கழித்தல் எங்கயாவது இருக்குதா? மையத்தைப் பத்தி முப்பது பக்கம் எழுதினவன், ஆளைப் பத்தி அரைப் பக்கம் எழுதப்படாதா?

பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கோடம் போட்டிருக்காங்க? அந்தக் கோட்டுக்காட்டுப் பக்கமா? செரி. போன ஒடனே லேப்டாப்பைத் தொறந்து கலர் கலரா படம் காட்டாத. மொதநா சத்துணவு சமைக்கற அம்மாகிட்டப் போயி உக்காரு. எந்தப் புள்ளை சோத்தை அளைஞ்சிட்டு உண்ணாம எந்திரிக்குது, எது ரெண்டாந் தடவை கேக்க வெக்கப்படுது, எது தங்கச்சிக்கு முட்டையை மடியில கட்டிட்டுப் போகுதுன்னு அந்தம்மா சொல்லும். ஒரு ஆப்புலயும் அதுக்குக் கட்டம் கெடையாது. பொறவு வகுப்புக்குப் போ. நீ முன்னால நின்னு நடத்துவயோ, அட்டையைக் குடுத்து ஓரமா நிப்பயோ, போனைக் காட்டுவயோ, அது அன்னன்னிக்குப் பாடத்தைப் பார்த்துக்கலாம். வாய்ப்பாடுன்னா கத்தி ஒப்பிக்க உடு, ஒண்ணும் கொறைஞ்சு போகாது. பின்னம்னா ஒரு முறுக்கை ஒடைச்சுக் குடு, ஆட்டையாம்பட்டி முறுக்குன்னா இன்னும் சுளுவா ஏறும்.

முடிவுரையா? அது இன்னும் எழுதலையா? அதுக்கென்ன வெசனம். 'இரு அணுகுமுறைகளையும் இணைத்த சமநிலையே இன்றைய காலத்தின் தேவை'ன்னு எழுதிப்போடு. முழு மார்க்கு வந்துரும். நானு சொன்னதையெல்லாம் அதுல எழுதி வெச்சுத் தொலைக்காத. திருத்தறவரு படிச்சுட்டுக் கோவிச்சுக்குவாருன்னு பயப்படறயா? படிச்சாத்தானே! அவருக்கும் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள மார்க்கையெல்லாம் ஆன்லைன்ல ஏத்தோணுமாமே.